விண்ட்சாக்: எந்த இடத்துக்கு எந்த நிறம், எந்த அளவு?

விமான நிலையத்தை ஒட்டிய சாலையில் போகும்போது பார்த்திருப்பீர்கள். கம்பத்தின் உச்சியில் ஆரஞ்சும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட துணிக்குழாய் ஒன்று ஆடிக்கொண்டிருக்கும். அதுதான் விண்ட்சாக். காற்றுப்பை என்றும் சொல்வதுண்டு. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, சுமாராக எவ்வளவு வேகம் என்ற இரண்டையும் நிமிர்ந்து பார்த்த உடனே சொல்லிவிடும். மின்சாரம் வேண்டாம், திரை வேண்டாம், படிக்கத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஹெலிபேட், ரசாயன ஆலை, எரிவாயுக் கிடங்கு, ட்ரோன் விடும் மைதானம், காற்று பலமாக வீசும் பாலம் என்று விமான நிலையத்துக்கு வெளியேயும் இதற்கு நிறைய வேலை இருக்கிறது.

வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "என்ன சைஸ், என்ன ரேட்?" என்றுதான். அதற்கு முன்னால் மூன்று கேள்விகள் இருக்கின்றன. இதை யார் பார்க்கப் போகிறார்கள்? எவ்வளவு தூரத்திலிருந்து? அவர்கள் கண்ணுக்கு இதன் பின்னால் என்ன தெரியும்? இவற்றுக்குப் பதில் கிடைத்துவிட்டால் நிறமும் அளவும் கிட்டத்தட்டத் தானாகவே முடிவாகிவிடும்.

துணி எப்படிக் காற்றைச் சொல்கிறது

விண்ட்சாக் என்பது வாய் அகலமாகவும் வால் குறுகலாகவும் தைத்த, நுனி வெட்டிய கூம்பு. அகலமான வாயை வட்ட வளையத்தில் கட்டி, அந்த வளையம் கம்பத்தைச் சுற்றித் தாராளமாகத் திரும்பும்படி பேரிங்கில் மாட்டியிருப்பார்கள். வாய் வழியாகப் புகும் காற்று வால் வழியாக வெளியேறும். வெளியேறும் வழி குறுகல் என்பதால் உள்ளே அழுத்தம் நின்று துணி உப்பியபடி இருக்கும். வாய் பார்க்கும் பக்கம் காற்று வரும் பக்கம், வால் நீளும் பக்கம் காற்று போகும் பக்கம். வால் கிழக்கே நீண்டிருந்தால் வீசுவது மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று.

விமானங்கள் எதிர்காற்றில் ஏறி, எதிர்காற்றில் இறங்குவதைத்தான் விரும்பும். அதனால் விமானி, வாலிலிருந்து வாயை நோக்கிய திசையைப் பிடிப்பார். சென்னை மீனம்பாக்கத்தின் முதன்மை ஓடுபாதையில் ஒரு முனைக்கு 07, மறுமுனைக்கு 25 என்று எண். வடக்கிலிருந்து வலஞ்சுழியாக எண்ணினால் சுமார் 70 பாகை, 250 பாகை என்று அர்த்தம். மேல்காற்று வலுவாக இருக்கும்போது 25-ஐப் பிடித்து இறங்குவது வசதி. கடல்காற்று உள்ளே வந்து வலுத்த பிறகு 07 வசதி.

வேகத்துக்கு வருவோம். அமெரிக்க விதிப்படி நல்ல விண்ட்சாக் 3 நாட் (காற்றின் வேகத்தை அளக்கும் அலகு) காற்றிலேயே திசை காட்டத் தொடங்க வேண்டும், 15 நாட் காற்றில் முழுசாக நீண்டுவிட வேண்டும். 15 நாட் என்பது மணிக்கு சுமார் 28 கிலோமீட்டர். கனடாவில் இடைப்பட்ட நிலைகளையும் வரையறுத்திருக்கிறார்கள்: 6 நாட்டில் கிடைமட்டத்திலிருந்து 30 பாகை தொங்கும், 10 நாட்டில் 5 பாகை தொங்கும், 15 நாட்டில் நேராக நிற்கும். ஐந்து பட்டை போட்ட விண்ட்சாக்கில், எழுந்து நிற்கும் ஒவ்வொரு பட்டைக்கும் 3 நாட் என்று கணக்குப் போடும் வழக்கமும் இருக்கிறது. தோராயத்துக்குச் சரி. ஆனால் பல விண்ட்சாக்குகளில் வாய்ப்பகுதிக்குள் கம்பிக்கூடு ஒன்று இருக்கும். காற்றே இல்லாதபோதும் முதல் பகுதியை அது விறைப்பாக நிறுத்தி வைக்கும். அப்படிப்பட்டதில் முதல் பட்டையை எண்ணினால் கணக்கு தப்பிவிடும். உங்களுடையதில் கூடு இருக்கிறதா என்று ஒருமுறை கிட்டே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முழுசாக நீண்ட பிறகு விண்ட்சாக் திசையை மட்டுமே நம்பத்தக்கபடி காட்டும். 20 நாட்டும் 40 நாட்டும் அதன் நீட்சியில் ஒன்றுபோலத்தான் தெரியும். பாம்பன் பழைய ரயில் பாலம் பயன்பாட்டில் இருந்தபோது, காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்தி வைத்தார்கள். அந்த முடிவுக்குக் காற்றுவேகமானியைத்தான் நம்பினார்கள். வேகத்தில் துல்லியம் வேண்டும் என்றால் துணி போதாது, கருவி வேண்டும்.

நிறம்: பின்னணிதான் முடிவு செய்யும்

விமான நிலையங்களுக்குச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 14-வது இணைப்பு விதி சொல்கிறது. குறைந்தது 300 மீட்டர் உயரத்திலிருந்து பார்த்தாலும் விண்ட்சாக் தெளிவாகத் தெரிய வேண்டும், என்ன காட்டுகிறது என்பதும் புரிய வேண்டும். நிறத்தைப் பின்னணியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். முடிந்தவரை ஒரே நிறம், அதிலும் வெள்ளை அல்லது ஆரஞ்சு நல்லது. பின்னணி மாறிக்கொண்டே இருக்கும் இடங்களில் ஒரு நிறம் போதவில்லை என்றால் மட்டும் இரண்டு நிறம். ஆரஞ்சு-வெள்ளை, சிவப்பு-வெள்ளை, கறுப்பு-வெள்ளை என்ற மூன்று ஜோடிகளில் ஒன்றை ஐந்து பட்டைகளாகப் போட வேண்டும். முதல் பட்டையும் கடைசிப் பட்டையும் அடர்ந்த நிறமாக இருக்க வேண்டும்.

பட்டை போட்டதுதான் உசத்தி என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. விதி அப்படிச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். பட்டை என்பது இரண்டாவது வழி.

விமானி மேலிருந்து கீழே பார்க்கிறார். அவருக்குப் பின்னணி தரை. புல் முளைத்த பச்சைத் தரையில் ஆரஞ்சு பளிச்சென்று எழும். அதே ஆரஞ்சை செம்மண் காட்டில் நட்டால் மண்ணோடு மண்ணாகப் போய்விடும், அங்கே வெள்ளை எடுக்கும். கான்கிரீட் தளம், உப்பளம், வெளிறிய மணல் இருக்கும் இடத்தில் வெள்ளை தொலைந்துவிடும், ஆரஞ்சு நிற்கும். மஞ்சளும் கடைகளில் கிடைக்கிறது, அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட நிறம்தான். ஆனால் கோடையில் புல் காய்ந்து வைக்கோல் நிறத்துக்கு வரும் நம் ஊர் மைதானங்களில் மஞ்சளை நான் பரிந்துரைக்க மாட்டேன். மழைக்காலத்தில் பச்சை, சித்திரை வைகாசியில் பழுப்பு என்று தரையே நிறம் மாறும் இடங்களுக்குத்தான் பட்டை போட்ட விண்ட்சாக் பொருத்தம். எந்தப் பருவத்திலும் இரண்டில் ஒரு நிறமாவது எடுபடும்.

தரையில் நிற்கிறவர் கதை வேறு. அவர் கீழிருந்து மேலே பார்க்கிறார், அவருக்குப் பின்னணி வானம். நீல வானத்துக்கு முன் ஆரஞ்சும் சிவப்பும் நன்றாகத் தெரியும். மேகமூட்டமான நாளில் வெள்ளை காணாமல் போகும். அதனால் ஆலைக்குள் நட வேண்டிய விண்ட்சாக்குக்கு வெறும் வெள்ளை வேண்டவே வேண்டாம். சூரியன் பின்னால் இருக்கும் காலை, மாலை நேரத்தில் எந்த நிறமும் கறுத்த நிழலுருவாகத்தான் தெரியும். அப்போது நிறம் கைகொடுக்காது, அளவும் உருவமும்தான் கைகொடுக்கும்.

இன்னொன்று, சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள், ஆண்களில் அதிகம். மரங்களின் பச்சைக்கு முன் சிவப்பு விண்ட்சாக் அவர்கள் கண்ணில் சட்டென்று படாமல் போகலாம். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. விண்ட்சாக் நிற்கப்போகும் இடத்தில் அதே நிறத் துணியைப் பிடிக்கச் சொல்லி, பார்க்கப் போகிறவர்கள் நிற்கும் இடத்திலிருந்து கைபேசியில் படம் எடுங்கள். அந்தப் படத்தைக் கறுப்பு-வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். துணி அப்போதும் தனியாகத் தெரிந்தால் அந்த நிறம் தேறிவிட்டது. பின்னணியோடு கலந்துவிட்டால் வேறு நிறம் பாருங்கள். காலையில் ஒன்று, நடுப்பகலில் ஒன்று, மாலையில் ஒன்று என மூன்று படங்கள் எடுப்பது இன்னும் நல்லது.

அளவு: தூரத்தை அளந்துவிட்டு வாங்குங்கள்

அதே 14-வது இணைப்பு, விமான நிலைய விண்ட்சாக்குக்குக் குறைந்தபட்சம் 3.6 மீட்டர் நீளமும், வாயில் 0.9 மீட்டர் விட்டமும் வேண்டும் என்கிறது. ஹெலிபேடுகளுக்கு அதன் இரண்டாம் தொகுதி. தரைமட்ட ஹெலிபேட் என்றால் 2.4 மீட்டர் நீளம், வாய் 0.6 மீட்டர், வால் 0.3 மீட்டர். மொட்டைமாடி ஹெலிபேட், கடலில் நிற்கும் எண்ணெய்த் துரப்பண மேடை போன்றவற்றுக்கு 1.2 மீட்டர் நீளம், வாய் 0.3, வால் 0.15. ஹெலிபேடில் 200 மீட்டர் உயரத்திலிருந்து தெரிந்தால் போதும்.

இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு விஷயம் புலப்படும். முதலாவது, மூன்றிலுமே நீளம் வாயின் விட்டத்தைப்போல நான்கு மடங்கு. இரண்டாவது, 300 மீட்டருக்கு 3.6, 200 மீட்டருக்கு 2.4. அதாவது பார்க்கும் தூரம் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 1.2 மீட்டர் நீளம். விதி எதிலும் இப்படி எழுதியிருக்கவில்லை. ஆனால் விதி இல்லாத இடங்களில், ஆலையோ மைதானமோ, அளவைத் தீர்மானிக்க இது நல்ல கைக்கணக்கு. 3.6 மீட்டர் விண்ட்சாக் 300 மீட்டர் தூரத்தில் முழு நிலவின் அகலத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகத் தெரியும். கண்ணைச் சுருக்கித் தேடாமல் திசையும் தொங்கலும் பிடிபட அவ்வளவு வேண்டும். மொட்டைமாடிக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே இடமும் குறைவு, விண்ட்சாக்கே தடையாகிவிடக் கூடாது என்பதாலும் சிறியதை ஏற்றுக்கொள்கிறார்கள்.

பட்டைக்கும் அளவுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. 3.6 மீட்டர் விண்ட்சாக்கில் ஒரு பட்டை 72 சென்டிமீட்டர். 300 மீட்டரிலிருந்து தனித்தனியாகத் தெரியும். 1 மீட்டர் விண்ட்சாக்கில் பட்டை 20 சென்டிமீட்டர்தான். அதே தூரத்தில் பட்டைகளைப் பிரித்துப் பார்ப்பது கஷ்டம், ஆரஞ்சும் வெள்ளையும் கலந்ததுபோலத் தெரியலாம். அப்போது இரண்டு நிறத்தின் பலனும் போய்விடும். அதனால் சிறிய விண்ட்சாக்கைத் தூரத்திலிருந்து பார்க்க வேண்டியிருந்தால் பட்டை வேண்டாம், ஒரே நிறமே மேல்.

கடையில் ஏமாந்துவிடக்கூடிய இடம் ஒன்று. அமெரிக்க அளவுப்படி விண்ட்சாக் இரண்டு சைஸில் வரும்: 8 அடி நீளத்துக்கு 18 அங்குல வாய், 12 அடி நீளத்துக்கு 36 அங்குல வாய். 8 அடி என்பது 2.4 மீட்டர். "ஹெலிபேடுக்கு 2.4 மீட்டர்தானே, இது சரியாக இருக்கிறதே" என்று எடுத்துவிடத் தோன்றும். ஆனால் 18 அங்குலம் என்பது 0.46 மீட்டர்தான். தேவை 0.6. நீளம் சரி, வாய் போதாது. விலைப்பட்டியலில் நீளத்தை மட்டும் பெரிதாகப் போட்டிருப்பார்கள். வாய் விட்டம், வால் விட்டம், துணியின் வகை மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எதற்கும் பெரியதாகவே வாங்கிவிடலாம் என்பதும் சரியல்ல. பெரிய விண்ட்சாக்கின் துணி கனம், மெல்லிய காற்றில் எழாது. அப்புறம், காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். புயல் நாளில் 0.9 மீட்டர் வாய் கொண்ட விண்ட்சாக் கம்பத்தை இழுக்கும் இழுப்பு சாதாரணமானதல்ல. கொடிக்கம்பத்துக்குப் போட்ட அஸ்திவாரம் இதற்குப் போதாமல் போகலாம்.

ஆலைகளுக்கு: உயிர் சம்பந்தப்பட்ட இடம்

விமான நிலையத்துக்கு விதி இருக்கிறது, ஆய்வாளர் இருக்கிறார். ஆலைகளில்தான் இந்தத் துணிக்குழாய் பெயருக்கு மாட்டப்பட்டு மறக்கப்படுகிறது. வாசலில் அலுவலகக் கூரைமேல் ஒன்று நிற்கும். உள்ளே குழாய்களுக்கும் தொட்டிகளுக்கும் நடுவே வேலை செய்கிறவருக்கு அது தெரியவே தெரியாது.

வாயு கசிந்தால் அது காற்றோடுதான் போகும். 1984 டிசம்பர் 2 நள்ளிரவை ஒட்டி போபாலில் கசிந்த மீத்தைல் ஐசோசயனேட், காற்று போன திசையில் இருந்த குடியிருப்புகளின் மேல் பரவியது. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, பெரியகுப்பம் மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து இருட்டில் ஓடினார்கள். எந்தப் பக்கம் ஓடுவது என்பதுதான் அந்த நிமிடத்தின் கேள்வி. வால் காட்டும் திசையில் ஓடினால் வாயுவும் கூடவே வரும். வாலுக்குக் குறுக்காக விலகி, பிறகு காற்று வரும் பக்கம் போக வேண்டும். கசிவு காற்று வரும் பக்கமே இருந்தால் குறுக்காக மட்டுமே விலகிக்கொண்டே போக வேண்டும்.

இந்த இரண்டு கசிவும் இரவில் நடந்தவை. அதனால் ஆலைக்கான விண்ட்சாக்கில் ஆரஞ்சா சிவப்பா என்ற கேள்வியைவிட, இரவில் தெரியுமா என்ற கேள்வி பெரியது. விளக்கு போட்டாக வேண்டும். ஆலையின் மின்சாரம் போனாலும் எரியும்படி தனி பேட்டரியிலோ சூரியத் தகட்டிலோ அந்த விளக்கு ஓட வேண்டும். வெளிச்சம் பட்டால் ஒளிரும் பட்டி ஒட்டினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். டார்ச் அடிக்கிறவருக்குத்தான் அது ஒளிரும், ஓடுகிறவருக்கு அல்ல.

எண்ணிக்கைக்கு வழி எளிது. ஆட்கள் வேலை செய்யும் ஒவ்வொரு இடத்திலும் நின்று சுற்றிப் பாருங்கள். எங்கே நின்றாலும் ஒரு விண்ட்சாக்காவது கண்ணில் பட வேண்டும். பெரிய ஆலைக்கு நாலைந்து தேவைப்படும். ஆலைக்குள் பார்க்கும் தூரம் 100, 150 மீட்டருக்குள் இருந்தால் 1.2 முதல் 1.8 மீட்டர் நீளம் போதும், வானப் பின்னணிக்கு ஆரஞ்சு அல்லது ஆரஞ்சு-வெள்ளை. மீன்பிடித் துறைமுகங்களில் அமோனியா வைத்து ஓடும் ஐஸ் ஃபேக்டரிகளுக்கும் இதே கணக்கு. மதிலுக்கு வெளியே குடியிருப்பு இருந்தால், அந்தத் தெருவிலிருந்து பார்த்தாலும் தெரியும்படி ஒன்று நிற்க வேண்டும், அதை எப்படிப் படிப்பது என்று அங்குள்ளவர்களுக்குச் சொல்லியும் தர வேண்டும். இதில் நிர்வாகங்கள் கஞ்சத்தனம் காட்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆலைக்கு ஆகும் மொத்தச் செலவில் இது ஒரு பொருட்டே இல்லை.

சின்னப் பயன்பாடுகள்

ட்ரோன், மாடல் விமானம், பாராகிளைடிங் ஆகியவற்றில் மெல்லிய காற்றே முக்கியம். 1 முதல் 1.5 மீட்டர் நீளம், மிக லேசான நைலான் துணி, ஒரே நிறம் போதும். பாராகிளைடிங்கில் கிளம்பும் இடத்தில் ஒன்று, இறங்கும் இடத்தில் ஒன்று வேண்டும். மலைமேல் வீசும் காற்றும் அடிவாரக் காற்றும் ஒன்றாக இருக்காது.

வயலில் மருந்து தெளிக்கிறவர்களுக்கு வரப்போரம் மூங்கிலில் கட்டிய சிறிய விண்ட்சாக் போதும், பக்கத்து வயலுக்கோ தெளிப்பவர் முகத்துக்கோ மருந்து போகிறதா என்று தெரிந்துவிடும். பச்சைப் பயிருக்கு ஆரஞ்சு, கதிர் முற்றிய நெல்லுக்கு முன் மஞ்சள் ஆகாது.

நெடுஞ்சாலைப் பாலங்களில், ஜப்பானில் செய்வதுபோல, பக்கவாட்டுக் காற்றைக் காட்ட மாட்டுகிறார்கள். ஓட்டுநர் ஓரிரு நொடிதான் பார்ப்பார் என்பதால் பட்டை போட்டு, சாலையோரத்திலேயே நட வேண்டும். பிரிட்டனில் உயிர்காப்பாளர்கள் இருக்கும் கடற்கரைகளில் ஆரஞ்சு விண்ட்சாக் ஏற்றினால், காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசுகிறது, காற்றடைத்த மிதவைகளோடு தண்ணீரில் இறங்காதே என்று அர்த்தம். இங்கே நிறமே எச்சரிக்கை. வேறு நிறம் போட்டால் செய்தி போய்விடும்.

நட்ட பிறகு

நிறமும் அளவும் சரியாக இருந்தும் இடம் தப்பினால் எல்லாம் வீண். கட்டடமோ மரமோ காற்றைச் சுழற்றிவிடும், விண்ட்சாக் அந்தச் சுழலைத்தான் காட்டும். காற்றளவைக் கருவிகளுக்கு உலக வானிலை அமைப்பு சொல்லும் அளவுகோல், தடையின் உயரத்தைப்போல பத்து மடங்கு தூரம் தள்ளி வைப்பது. 8 மீட்டர் கட்டடம் என்றால் 80 மீட்டர். ஆலைக்குள் அவ்வளவு இடம் கிடைக்காது. அங்கே சுற்றிலும் உள்ள எல்லாவற்றையும்விட உயரமாகத் தூக்கிவிடுவதுதான் வழி. விமான நிலையத்தில் ஒரு விண்ட்சாக்கையாவது சுற்றி 15 மீட்டர் விட்டத்தில், 1.2 மீட்டர் அகலத்தில் வெள்ளை வட்டம் போடச் சொல்கிறது 14-வது இணைப்பு. மேலே இருந்து தேடும் விமானியின் கண்ணை அந்த வட்டம்தான் முதலில் இழுக்கும். இரவில் இயங்கும் நிலையத்தில் ஒன்றுக்காவது விளக்கு வேண்டும்.

துணியில் நைலான் லேசு, சின்னக் காற்றுக்கும் எழும். ஆனால் வெயிலில் சீக்கிரம் நைந்துபோகும். பாலியெஸ்டர் வெயிலைக் கூடுதலாகத் தாங்கும். தண்ணீர் ஒட்டாத பூச்சு கொடுத்த துணியாகப் பார்த்து வாங்குங்கள், நனைந்து கனத்த துணி உண்மையான வேகத்தைவிடக் குறைவாகக் காட்டும். கண்ணைப் பறிக்கும் ஃப்ளோரசன்ட் ஆரஞ்சுதான் முதலில் வெளுக்கும். அந்த நிறத்தில் எடுக்கிறவர்கள் சேர்த்து ஒன்று வாங்கி, வெயில் படாத இடத்தில் வைத்திருப்பது நல்லது. மேலே இருக்கும் துணியைப் புதுத்துணியோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் அது உதவும்.

கடலோரத்தில் உப்புக்காற்று பேரிங்கைப் பிடித்துவிடும். திரும்பாத விண்ட்சாக் நேற்றைய திசையைக் காட்டிக்கொண்டு நிற்கும், இல்லாததைவிட அது ஆபத்து. எவர்சில்வர் அல்லது துத்தநாக முலாம் பூசிய சட்டம், மூடிய பேரிங், சாய்த்து இறக்கக்கூடிய கம்பம் இருந்தால் ஏணி இல்லாமலே பார்த்துவிடலாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு ஒருமுறை இறக்கி, கையால் சுழற்றிப் பார்த்து, கிரீஸ் வைத்து, தையல் விட்டிருக்கிறதா என்று வால் முனையைச் சோதித்துவிடுங்கள். துணி கிழிவது பெரும்பாலும் அங்கிருந்துதான்.